வானம் வரையும் கோடு

நேயர்களுக்கு என் வணக்கம். கரையே தெரியாத நடுக்கடலில் ஒரு கப்பல் இருக்கும் இடத்தைச் சூரியனையும் நட்சத்திரங்களையும் கொண்டு கண்டறியும் முறையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கப்பல் அதிகாரியாக இதே வேலையைப் பல ஆண்டுகள் செய்தவன் நான். ஒரு நட்சத்திரத்தை அளந்தால் கப்பலின் இடம் தெரிந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால், ஓர் அளவு தருவது ஒரு வட்டத்தை மட்டுமே.

கோயில் கோபுரத்தின் உச்சியை அண்ணாந்து பாருங்கள். அதே கோணத்தில் உச்சியைக் காண்பவர்கள் எல்லாரும் கோபுரத்திலிருந்து ஒரே தொலைவில், ஒரு வட்டத்தின் மேல் நிற்பார்கள். நட்சத்திரமும் அப்படித்தான். எந்த நொடியிலும் அது பூமியில் ஏதோ ஓரிடத்திற்கு நேர் மேலே இருக்கிறது. அந்த இடத்தைக் கடல்சார் பஞ்சாங்கம் சொல்லிவிடும். கோணம் அளக்கும் செக்ஸ்டன்ட் கருவியால் அளந்த உயரம், அதாவது அடிவானத்திலிருந்து நட்சத்திரம் வரையுள்ள கோணம், 60 பாகை என்றால், நேர் உச்சியான 90 பாகைக்கு 30 பாகை குறைகிறது. ஒரு பாகைக்கு 60 கடல் மைல் என்பதால், நாம் அந்த இடத்திலிருந்து 1,800 கடல் மைல் தொலைவில் இருக்கிறோம். இவ்வளவு பெரிய வட்டத்தில் நமக்கு வேண்டிய சிறு துண்டு, வரைபடத்தில் நேர்கோடாகவே தெரியும்.

இந்தக் கோட்டைக் கண்டுபிடித்தவர் தாமஸ் சம்னர் என்ற அமெரிக்கக் கேப்டன். 1837 டிசம்பர் 17 அன்று, அவருடைய கப்பல் மோசமான வானிலையில் அயர்லாந்துக் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. பல நூறு மைல் தூரம் வானத்தைப் பார்க்க முடியாமல் வந்ததால், தம்முடைய அட்சரேகை எது என்பதில் அவருக்கு உறுதியில்லை. காற்றோ கப்பலைக் கரையை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. காலை பத்து மணியளவில் மேகம் சற்றே விலக, சூரியனை ஒரே ஒரு முறை அளந்தார். உத்தேச அட்சரேகையை வைத்துக் கப்பலின் இடத்தைக் கணக்கிட்டார். பத்துக் கலை (ஒரு கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) வடக்கே தள்ளி ஒரு முறை, மேலும் பத்துக் கலை தள்ளி இன்னொரு முறை கணக்கிட்டார். வந்த மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் விழுந்தன. அதை நீட்டிப் பார்த்தபோது, வேல்ஸ் கரைக்கு அப்பாலுள்ள ஸ்மால்ஸ் கலங்கரை விளக்கத்தின் வழியாகச் சென்றது. கோட்டில் தாம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமலேயே அதன் திசையில் கப்பலைச் செலுத்தினார். ஒரு மணி நேரத்துக்குள் ஸ்மால்ஸ் விளக்கு கண்ணில் பட்டது. என் தொழிலில் இதைவிட நான் வியக்கும் நிகழ்ச்சி வேறில்லை.

இடம் புள்ளியாகக் கிடைக்க வேண்டுமானால் கோடுகள் ஒன்றையொன்று வெட்ட வேண்டும். அதற்குப் பல நட்சத்திரங்களை அடுத்தடுத்து அளக்க வேண்டும். இதற்கு ஏற்ற பொழுது அந்தியும் விடியலுமே. பகலில் அடிவானம் உண்டு, நட்சத்திரம் இல்லை. நள்ளிரவில் நட்சத்திரம் உண்டு, அடிவானம் இருளில் கரைந்துவிடும். நம்முடைய வெப்பமண்டலக் கடல்களில் இரண்டும் சேர்ந்து தெளிவாகத் தெரியும் நேரம் அரை மணிகூட இராது.

செக்ஸ்டன்டின் கண்ணாடியில் நட்சத்திரத்தைப் பிடித்து, மெல்ல மெல்ல இறக்கி, அடிவானத்துக்குக் கொண்டுவருவோம். பிறகு கருவியை இடமும் வலமுமாக லேசாகச் சாய்த்தால் நட்சத்திரம் ஊஞ்சல் போல ஆடும். அந்த ஆட்டத்தின் அடிப்புள்ளி கடலைத் தொட்டும் தொடாமலும் உரசும் கணத்தில் குரல் கொடுப்போம். குரோனோமீட்டர் என்ற கப்பலின் துல்லியக் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்த கைக்கடிகாரத்துடன் நிற்பவர், நொடியை முதலில் எழுதுவார். நிமிடமும் மணியும் பிறகுதான். நான்கு நொடி பிசகினால், நிலநடுக்கோட்டருகே ஒரு கடல் மைல் வரை பிசகும். பார்ப்பவரின் கண் கடல்மட்டத்திலிருந்து 16 மீட்டர் உயரத்தில் இருந்தால் அடிவானம் ஏறக்குறைய ஏழு கலை தாழ்ந்து தெரியும். அதைக் கழிக்க மறந்தால் கோடு ஏழு மைல் தள்ளி விழும்.

கணக்கு முடிந்து மூன்று கோடுகளை வரையும்போது, அவை ஒரே புள்ளியில் கூடுவது அரிது. பெரும்பாலும் ஒரு சிறு முக்கோணம் அமையும். அது ஓரிரு மைலுக்குள் அடங்கினால், அதன் நடுவில் பென்சிலால் வட்டமிட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதுவோம்.