மணற்பாறையில் பூக்கும் ஒரு கறிவேப்பிலைச் சொந்தம்

வணக்கம் நேயர்களே. ஆகஸ்ட் கடைசியில் சிட்னிக்குத் தெற்கே இருக்கிற ராயல் தேசியப் பூங்காவில் நடந்திருந்தால், நான் சொல்லப்போகும் செடியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இடுப்பளவு உயரம், நெருக்கமாக அடுக்கிய சின்ன இலைகள், விளிம்பில் ரம்பம் போலப் பற்கள், கிளை நுனியில் கிண்ணம் கிண்ணமாக ரோஜா நிறப் பூக்கள். போரோனியா செருலாட்டா என்பது தாவரவியல் பெயர். இங்குள்ளவர்கள் நேட்டிவ் ரோஸ் என்பார்கள், ஆனால் ரோஜாவுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

உறவு யாரோடு தெரியுமா? எலுமிச்சை, வில்வம், விளா, அப்புறம் நம் கொல்லையில் குளிருக்குப் பயந்து நிற்கும் கறிவேப்பிலை, எல்லாம் இதே குடும்பம்தான். இந்தக் குடும்பத்து இலைகளுக்குள் எண்ணெய்ப் பைகள் இருக்கும், எலுமிச்சை இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசிப்புள்ளிகளாகத் தெரிவது அவைதான், கசக்கியதும் வாசனை கிளம்புவதும் அதனால்தான். முதல் தடவை எனக்கு இதைச் சொன்னபோது பாதையிலேயே நின்றுவிட்டேன். அதுவரை அந்நியமாக இருந்த காட்டில் தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்தது போல இருந்தது.

போரோனியா என்ற பெயருக்குப் பின்னால் ஒரு சோகம் உண்டு. பிரான்செஸ்கோ போரோனே என்ற இத்தாலிய இளைஞர், செடி சேகரிப்பவர், 1794இல் ஏதென்சில் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்துபோனார். அவர் நினைவாக 1798இல் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் இந்தப் பெயரை வைத்தார். ஆஸ்திரேலிய மண்ணையே பார்க்காத ஒருவரின் பெயர் இந்தப் புதர்களில் வாழ்கிறது.

நான் இன்று வந்ததே ஒன்றைச் சொல்லத்தான்: தயவுசெய்து காட்டிலிருந்து இதைப் பிடுங்கி வராதீர்கள். வடக்கே கோஸ்ஃபோர்டிலிருந்து தெற்கே ராயல் பூங்கா வரை, அந்த மணற்பாறை நிலத்தில் மட்டும்தான் இது இயற்கையாக வளர்கிறது. அந்தக் காலத்தில் காட்டுப்பூக்களைக் கட்டுக்கட்டாகப் பறித்துத் தெருவில் விற்றார்கள், 1927இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியதாயிற்று. பிடுங்கி வந்தாலும் பிழைக்காது, வேர் அவ்வளவு மென்மை.

ஆசையாக இருந்தால் நாற்றுப்பண்ணையில் வாங்குங்கள். வேர் ஒருநாளும் காயக்கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது, இரண்டையும் சமாளிப்பதுதான் பாடு. வேர்ப்பக்கம் நிழல் விழும்படி கல்லோ மரப்பட்டைத் தூளோ போடுங்கள். எனக்கு இரண்டு செடிகள் கோடையில் போய்விட்டன. மூன்றாவது இப்போது கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது, போன வாரம் மொட்டு விட்டிருக்கிறது.