தொட்டி மீன் ஏன் வெளுக்கிறது?

வணக்கம். நான் கொளத்தூர்ப் பக்கம் வண்ண மீன் வளர்க்கிறவன். "வாங்கும்போது ஆரஞ்சுப் பழம் மாதிரி இருந்த கோல்டு பிஷ், ரெண்டு மாசத்துல வெளுத்துப்போச்சே, சாயம் ஏத்தி வித்துட்டீங்களா?" என்று யாராவது கேட்காத வாரமே எனக்குக் கிடையாது. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

சாயமெல்லாம் இல்லைங்க, பெரும்பாலும் சாப்பாடுதான் காரணம். மீனின் மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும் பெரும்பாலும் கரோட்டினாய்டு என்கிற நிறமிகளால் வருகின்றன. செடியும் பாசியும் அதைத் தாங்களே உண்டாக்கிக்கொள்ளும், மீனால் முடியாது, தின்றால்தான் உண்டு. குளத்தில் பாசியும் அந்தப் பாசியைத் தின்ற நீர்ப்பூச்சிகளும் கிடைப்பதால் நிறம் தானாக ஏறுகிறது. வீட்டில் கண்ணாடியைப் பளிச்சென்று துடைத்து வைத்துவிட்டு, வெறும் மலிவுக் குருணையை மட்டும் போட்டால் மீன் எங்கே போகும்? நார்வேயில் கடல் கூண்டில் வளர்க்கிற சால்மனுக்கும் இதே கதைதான், அதன் தீவனத்தில் அஸ்டாக்சாந்தின் என்கிற சிவப்புக் கரோட்டினாய்டைச் சேர்க்காவிட்டால் சதை இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளிறித்தான் இருக்கும்.

அந்த அஸ்டாக்சாந்தினை நீங்கள் சமையலறையிலேயே பார்த்திருப்பீர்கள். காசிமேட்டில் வாங்கிய இறால் சாம்பல் நிறமாக இருக்கும், சட்டியில் போட்டதும் சிவக்கும். ஓட்டில் புரதத்தோடு கட்டுண்டு கிடந்த நிறமி சூட்டில் விடுபடுவதால் வருகிற சிவப்பு அது. நாம் ஒதுக்குகிற தலையையும் ஓட்டையும் நன்றாகக் கழுவி, வேகவைத்து, உலர்த்தி, பொடித்துத் தீவனத்தில் கொஞ்சமாகச் சேர்க்கலாம். கொஞ்சமாக என்று சொல்லக் காரணம், ஓடு எளிதில் செரிக்காது.

எனக்கு ரொம்பப் பிடித்தது செண்டுமல்லி. அதன் இதழில் லூட்டின் என்கிற மஞ்சள் கரோட்டினாய்டு நிறைய இருக்கிறது, கோழிமுட்டை மஞ்சள் கருவுக்கு நிறம் கூட்டவும் அதைத்தான் தீவனத்தில் சேர்க்கிறார்கள். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் தெருவெல்லாம் கொட்டிக் கிடக்குமே, அதை அள்ளிக்கொண்டு வந்துவிடாதீர்கள்! பூவுக்குப் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள், மீன் அதைத் தாங்காது. வீட்டுத் தோட்டத்துப் பூ, இல்லையென்றால் மருந்தடிக்காதது என்று உறுதியாகத் தெரிந்த பூ, அதுதான் வேண்டும். சிவப்பு நன்றாக ஏற வேண்டுமென்றால் சுருள்பாசி, அதாவது ஸ்பைருலினா, இன்னும் நல்லது; அதில் இருக்கிற சியாசாந்தின் என்கிற கரோட்டினாய்டை கோல்டு பிஷ்ஷும் கோய் கார்ப்பும் தங்கள் உடம்பிலேயே அஸ்டாக்சாந்தினாக மாற்றிக்கொள்ளும், சால்மனுக்கு அந்தத் திறமை இல்லை.

பீட்ரூட் வேண்டாம். ஆரம்பத்தில் நானும் அரைத்துப் போட்டுப் பார்த்தேன், சிவந்தது தண்ணீர்தான். அது கரோட்டினாய்டே இல்லை, தண்ணீரில் கரைகிற வேறு நிறமி. கரோட்டினாய்டு கொழுப்பில் கரைவது, அதனால் தீவனம் பிசையும்போது கொஞ்சம் மீன் எண்ணெய் விட்டால்தான் உடம்பில் சேரும். வெயிலும் சூடும் காற்றும் அதற்கு எதிரி. இதழை மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டால் மிஞ்சுவது வெறும் சக்கை, நிழலில்தான் உலர்த்த வேண்டும். தீவனம் பிசைகிற கஞ்சியைக் காய்ச்சி, ஆறவிட்டு, அப்புறம்தான் பொடியைக் கலப்பேன். ஒரு வாரத்துக்கு மட்டும் செய்து, வெளிச்சம் படாத டப்பாவில் மூடி வைப்பேன்.

உடனே மாறிவிடாது, வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும். இந்தப் பொறுமை இல்லாததால்தான் சிலர் ஆண் ஹார்மோனைத் தீவனத்தில் கலந்து குட்டி கப்பிக்கும் கௌராமிக்கும் அவசரமாக நிறம் வரவழைக்கிறார்கள். அப்படி வந்த கப்பிகளை ஒருமுறை தெரியாமல் வாங்கி வந்தேன். அந்த ஹார்மோன் தீவனம் நின்ற சில வாரத்தில் நிறம் போனது, பெண் மீன்கள் குட்டியே போடவில்லை. இன்றுவரை எனக்கு மனசு ஆறவில்லை.

கருப்பும் நீலமும் வேறு வழியில் வருபவை, அதற்கு இந்தப் பொடி உதவாது. மற்றபடி வீட்டில் கோல்டு பிஷ் இருந்தால் இரண்டு தொட்டியாகப் பிரித்து, ஒன்றுக்கு மட்டும் சுருள்பாசி கலந்த தீவனம் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரே வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். எட்டாவது வாரம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வணக்கம்.