மதுர், மன், மென்: ஒரு நார்டிக் சொல்லோட கதை

எல்லாருக்கும் வணக்கம். நார்டிக் மொழிகள்னு தலைப்பு குடுத்துட்டாங்க, அத்தனையும் பேசினா விடிஞ்சிரும், அதனால ஒரே ஒரு பெயர்ச்சொல்ல எடுத்துக்கறேன். மனுஷன்.

ஐஸ்லாந்துல மனுஷனுக்கு மதுர்னு பேரு. ஸ்வீடன், நார்வே, டென்மார்க்ல மன். ரெண்டும் ஒரே சொல்லுதாங்க, கேட்டா நம்பத் தோணாது. வேர் மன் தான், ஆனா வைக்கிங் காலத்து பழைய நோர்ஸ்ல, அதான் இந்த மொழிகளுக்கெல்லாம் தாய்மொழி, எழுவாய்க்குன்னே கடைசில ஒரு ர் ஒட்டும், மன்னோட அந்த ர் சேந்தப்போ ன் நிக்கல, த் ஆகி மத்ர்னு ஆயிருச்சு, அப்புறம் நடுவுல ஒரு உ நுழைஞ்சு இன்னைக்கு மதுர். (அந்த த நம்ம 'அது'ல வர்ற மெல்லிசான த தான், நமக்கு பயிற்சியே வேணாம்.) மத்த வேற்றுமைல ர் வராது, அதனால பழைய ன் அப்படியே வெளிய தெரியும்: மனுஷனை மன், மனுஷனுக்கு மன்னி, மனுஷனோட மன்ஸ். மரம், மரத்தைன்னு பேசுற ஆளுங்க நாம, இதெல்லாம் நமக்கு ஜுஜுபி.

பன்மைல மென். ஒரு காலத்துல பின்னாடி ஒரு இகரம் இருந்துச்சு, அது முன்னாடி இருந்த அகரத்த எகரமாக்கிட்டு தான் காணாம போயிருச்சு. இங்கிலீஷ் மேன், மென் கூட இதே வேலைதான். ஐஸ்லாந்துல 'மனுஷங்களுக்கு'ன்னா 'மொன்னும்', அங்க அகரத்த ஒகரமாக்கி உதட்டக் குவிக்க வச்ச உ இன்னும் கடைசில உசுரோட நிக்குது.

ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வேஜியன்ல வேற்றுமை எல்லாம் உதிந்து போச்சு, ர் போட்ட எழுவாயும் போச்சு, ர் இல்லாத மன் ஜெயிச்சிருச்சு. நார்வேயோட பெர்கன் ஊர்ல கடை போட்ட ஹான்சா (வட ஜெர்மனி வணிகக் கூட்டணி) வியாபாரிங்க பேசுன கீழ் ஜெர்மன்ங்கற வடக்கத்தி ஜெர்மனோட பழக்கம்தான் காரணம்னு அடிக்கடி சொல்லுவாங்க, முழு காரணமும் அதுதான்னு எனக்குத் தோணல, கடைசி அசைங்க தானாவே தேஞ்சுட்டுதான் இருந்துச்சு. டேனிஷ்காரங்க எழுதும்போது கடைசில ஒரு 'டி' வேற போடுவாங்க, வாயிலயும் வராது, வேர்லயும் கிடையாது! ஸ்வீடிஷ்ல மன்னாமின்னேன்னு ஒரு சொல் இருக்கு, மனுஷங்க ஞாபகத்துக்கு எட்டுன காலம்னு அர்த்தம், அதுல வர்ற 'மன்னா' பழைய 'மனுஷங்களோட', அப்படியே ஒட்டிக்கிட்டு தப்பிச்சிருச்சு.

அர்த்தமும் பிரிஞ்சிருச்சு. ஸ்வீடன்ல மன்னுன்னா பெரும்பாலும் ஆம்பள, இல்ல புருஷன். ஐஸ்லாந்துல மதுர் இன்னும் மனுஷன்ங்கற பொது அர்த்தத்துலயும் இருக்கு, அதனால பொம்பளைக்கு க்வென்மதுர்னும் ஒரு சொல் உண்டு, இலக்கணத்துல அது சுத்தமான ஆண்பால்.