கருப்பைவாயும் அதன் அண்டை உயிர்களும்

அவையோருக்கு வணக்கம். கருப்பைவாய்ப் புற்றுநோய் என்றதும் வைரஸை மட்டுமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, அது வந்து இறங்கும் இடத்தில் அதற்கு முன்பே குடியிருக்கும் பாக்டீரியாக்களை நாம் மறந்துவிடுகிறோம். அந்தக் குடியிருப்பைப் பற்றியே இன்று அதிகம் பேச விரும்புகிறேன்.

1892-இல் ஆல்பர்ட் டோடர்லைன் என்னும் ஜெர்மானிய மருத்துவர், நலமான பெண்களின் யோனிச் சுரப்பில் அமிலம் உண்டாக்கும் கோல் வடிவ பாக்டீரியாக்கள் வாழ்வதை விவரித்தார். இன்று அவற்றை லாக்டோபேசில்லஸ் என்கிறோம். ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் தூண்டுவதால் யோனிச் சுவரின் செல்கள் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளைச் சேமிக்கின்றன. உதிரும் செல்களிலிருந்து வெளிப்படும் அது சிறு சர்க்கரைகளாக உடைந்ததும், இந்த பாக்டீரியாக்கள் அதை லாக்டிக் அமிலமாக மாற்றி, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவைப் (குறையக் குறைய அமிலம் கூடும்) பெரும்பாலும் 3.8-க்கும் 4.5-க்கும் இடையில் வைத்திருக்கின்றன. மாதவிடாய் நின்றபின் அந்த அமிலத்தன்மை குறைவதற்கும் ஈஸ்ட்ரோஜன் குறைவதே காரணம்.

குடலில் பலவகை நுண்ணுயிர்கள் கலந்து வாழ்வதை நலத்தின் அடையாளமாகக் கொள்கிறோம். இங்கோ கணக்கு தலைகீழானது: லாக்டோபேசில்லஸ் கிறிஸ்பேட்டஸ் போன்ற ஓர் இனம் மேலோங்கி நிற்பதே பெரும்பாலும் நிலையான பாதுகாப்பு. அது குறைந்து கார்ட்னெரெல்லா, பிரீவோடெல்லா போன்ற பிற பாக்டீரியாக்கள் பெருகினால், அவற்றின் நொதிகள் கருப்பைவாயைக் காக்கும் சளிப்படலத்தை அரிக்கின்றன, அழற்சியும் கூடலாம். ஆனால் கலவையான நுண்ணுயிர்களோடு எந்தத் தொல்லையும் இன்றி வாழும் பெண்களும் பலர் என்பதால், கலவை என்றாலே நோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இனி வைரஸுக்கு வருவோம். மனித பாப்பிலோமா வைரஸில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றுள் 16, 18 ஆகிய இரண்டு மட்டுமே ஏறத்தாழ 70 விழுக்காடு கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம். இந்தத் தொடர்பை நிறுவிய ஹரால்ட் சூர் ஹவுசன் 2008-இல் நோபல் பரிசு பெற்றார். கருப்பைவாயில் இருவகைச் செல்கள் சந்திக்கும் எல்லைப் பகுதியின் அடிச் செல்களுக்குள் நுழையும் வைரஸ், பெரும்பாலான பெண்களிடம் இரண்டு ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது. சிலரிடம் மட்டும் ஏன் தங்கிவிடுகிறது? லாக்டோபேசில்லஸ் குறைந்தவர்களிடம் அது நீடிப்பது கூடுதலாகக் காணப்படுகிறது; எனினும் பாக்டீரியா மாற்றம் வைரஸுக்கு வழிவிட்டதா, வைரஸே அந்த மாற்றத்தைக் கொண்டுவந்ததா என்பது இன்னும் ஆய்வில் இருக்கும் கேள்வி. ஆகவே ‘நல்ல பாக்டீரியா’ மாத்திரை புற்றுநோயைத் தடுக்கும் என்னும் விளம்பரங்களை நான் ஏற்பதில்லை. யோனியின் உட்புறத்தைத் திரவங்களால் கழுவும் பழக்கமோ, தூய்மை என்ற பெயரில் அந்தக் காவலையே கலைத்துவிடுகிறது.

வைரஸ் தங்கிவிட்டாலும், எதிர்ப்புத்திறன் சரியாக உள்ளவரிடம் புற்றுநோயாக மாற வழக்கமாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அந்த நீண்ட இடைவெளிதான் பரிசோதனைக்குரிய காலம். பெண்களில் 70 விழுக்காட்டினரையாவது 35 வயதுக்குள் ஒருமுறையும் 45 வயதுக்குள் மறுமுறையும் பரிசோதிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. இந்த வைரஸுக்கு எதிரான தடுப்பூசி ஏற்கெனவே உள்ள தொற்றை அகற்றுவதில்லை, எல்லா வகைகளையும் தடுப்பதுமில்லை. எனவே அதைப் போட்டுக்கொண்டவர்களுக்கும் பரிசோதனை தேவை.

பரிசோதனையில் வைரஸ் தென்பட்டால் அது புற்றுநோய் என்று பொருளல்ல. தொற்று பல ஆண்டுகளுக்கு முன்பே வந்து அமைதியாக இருந்திருக்கலாம் என்பதால், அது எப்போது, யாரிடமிருந்து வந்தது என்பதையும் அந்த முடிவு சொல்லாது.