மான் போட்ட சட்டை

(டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் பேசியது. நடுவில் வந்த சில கிளைக் கதைகளை வெட்டிவிட்டேன். மீதி பேசியபடியே.)

பெரியவர்களே, அம்மாமார்களே, பின் வரிசையில் ஃபோன் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். நான் பேசும் தமிழ் பாதிப் பேருக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் காதில் சொன்னால்தான் புரியும் என்று தெரியும். மெதுவாகவே பேசுகிறேன்.

இந்தத் தலைப்பு நான் தேடிப் பிடித்தது இல்லை. போன மாதக் கூட்டத்துக்கு நம் அங்கிள் ஒருவர் ஸ்பிரிங்பாக் ஜெர்சி, அதான் மான் படம் போட்ட நம் நாட்டு ரக்பி அணிச் சட்டை, போட்டுக்கொண்டு வந்தார். பேர் சொல்ல மாட்டேன், முன் வரிசையில்தான் இருக்கிறார். குத்துவிளக்கு ஏற்ற அவரைத்தான் கூப்பிட்டார்கள், ஏற்றினார். அப்புறம் தேநீர் வேளையில் ஓர் அக்கா என்னிடம் வந்து, "அறுபது வயசாச்சு, பேரப்பிள்ளை எடுத்தாச்சு, சின்னப் பையன் மாதிரி இதென்ன கோலம்? நீங்க வாத்தியாரா இருந்தவரு, நாலு வார்த்தை சொல்லுங்க" என்றார். நாலு வார்த்தையோடு நிறுத்தத் தெரியாதவனிடம் சொல்லிவிட்டார்.

முதலில் ஒரு சொல் தகராறைத் தீர்த்துவிடலாம். இந்த நாட்டில் ஜெர்சி என்றால் முதலில் கம்பளிச் சட்டைதான். ஜூலைக் குளிரில் ஆயா பின்னிப் போட்டுவிடுவார்களே, அது. தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த ஒரு சொந்தக்காரரிடம் நான், "பையனுக்கு ஜெர்சி வாங்கணும், கடைக்குப் போறேன்" என்றேன். "இவ்வளவு சின்ன வீட்டுல எங்க கட்டுவீங்க?" என்று கேட்டார். அவருக்கு ஜெர்சி என்றால் மாடு. யாரும் தப்பில்லை. இங்கிலீஷ் கால்வாயில் ஜெர்சி என்று ஒரு தீவு இருக்கிறது. கம்பளிப் பின்னலுக்கும் பேர் போனது, பசுவுக்கும் பேர் போனது. நான் இன்று பேசுவது மூன்றாவது ஜெர்சி, கால் கிலோ எடைகூட இல்லாத, ஆயிரம் ராண்டுக்கு மேல் விலை சொல்கிற சட்டை.

அந்த அக்காவின் கட்சியை நான் தள்ளிவிட மாட்டேன். ஆள் பாதி ஆடை பாதி என்று நாமே சொல்லி வளர்ந்தவர்கள். அந்தச் சட்டை ஓடுகிற இளைஞனின் உடம்புக்கு வெட்டியது. நம் உடம்பு உளுந்துவடையும், ரொட்டிக்குள் குழம்பு ஊற்றிய நம் டர்பன் பன்னி சௌவும் சாப்பிட்ட உடம்பு. போட்டால் எங்கே பிடிக்கக் கூடாதோ அங்கே பிடிக்கிறது. முதுகில் இன்னொருத்தன் பேரை எழுதிக்கொண்டு ஐம்பது வயதில் கடைத்தெருவில் நடப்பது எனக்கும் ஒட்டவில்லை. நம் அப்பன் வைத்த பேர் என்ன ஆயிற்று? நெஞ்சில் ஒரு கம்பெனி பேர், கையில் இன்னொரு கம்பெனி பேர். விளம்பரப் பலகையைத் தூக்கினால் கூலி கொடுப்பார்கள். இங்கே தூக்குகிறவன் காசு கொடுக்கிறான். நம் டர்பன் பிள்ளை ஹாஷிம் ஆம்லா தென்னாப்பிரிக்காவுக்குக் கிரிக்கெட் ஆடியபோது, பீர் கம்பெனியின் பேர் என் சட்டையில் வேண்டாம் என்றார். வாரியமும் ஒத்துக்கொண்டது. ஆடுகிறவனே அப்படி யோசிக்கும்போது, சோபாவில் உட்கார்ந்து பார்க்கிற நாம் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆனால் "சின்னப் பையன் மாதிரி" என்ற வார்த்தை இருக்கிறதே, அதில்தான் எனக்குத் தகராறு.

நம் பழைய ஆட்களைப் பாருங்கள். சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. தலையில் எந்தப் பூ என்று பார்த்தாலே யார் கட்சி என்று தெரிந்துவிடும். மாடு பிடிக்கப் போனால் வெட்சி, மீட்கப் போனால் கரந்தை, களத்தில் தும்பை. இன்று கிளப்புகள் சொந்த மைதானத்துக்கு ஒரு சட்டை, வெளி மைதானத்துக்கு ஒரு சட்டை என்று வைத்துக்கொண்டு அதைப் பெரிய வியாபாரமாகச் செய்கின்றன. நம்மவர்கள் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பூ வைத்திருந்தார்கள். ஜெயித்தால் வாகை. இப்போதும் தமிழ்ப் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கத்தைத் திறந்தால் எந்த அணியாவது வாகை சூடிக்கொண்டுதான் இருக்கும். மீசை முளைத்த ஆண்கள், நாட்டை ஆண்டவர்கள், பூ வைத்துக்கொண்டு திரிந்தார்கள். அவர்களை யாரும் சின்னப் பையன் என்று சொல்லவில்லை.

இனி என் அப்பா கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் ஒத்துக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா 1938-இல் மேகசின் பாரக்ஸில் பிறந்தவர். நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பு, பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். 1960-களில், வெள்ளையர் நிறவெறி ஆட்சியில், எல்லோரையும் கிளப்பி இங்கே சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள், உங்களில் பலர் வீட்டிலும் அந்தக் கதை இருக்கும். பாரக்ஸ் பையன்கள் ஒரு கால்பந்து டீம் வைத்திருந்தார்கள். ஜெர்சிக்குக் காசு ஏது? என் ஆயா மாவு மூட்டைத் துணியைத் துவைத்து, பதினொரு சட்டை தைத்து, மஞ்சள் தண்ணீரில் முக்கிக் கொடுத்தார்கள். காவடிக்கு வேட்டி நனைக்கிற அதே பானை. எண்களைக் கறுப்புத் துணியில் வெட்டி முதுகில் ஒட்டுத் தையல். முதல் பாதி முடிவதற்குள் வியர்வையில் சாயம் இறங்கிக் கழுத்து, கை, கால் எல்லாம் மஞ்சள். எதிர் டீம்காரர்கள், "நலுங்கு வச்சுட்டு வந்திருக்கானுங்க" என்று கேலி செய்வார்களாம். அதில் ஒரு சட்டையை அப்பா கடைசிவரை வைத்திருந்தார். நான் பார்த்தபோது அது மஞ்சளும் இல்லை, வெள்ளையும் இல்லை. நாலாம் எண்ணில் பாதித் தையல் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

பெரிய ஆட்டம் என்றால் அவர்களுக்குக் கரிஸ் ஃபவுண்டன் மைதானம்தான். மேனிங் ரேஞ்சர்ஸ் என்றால் அப்பாவுக்கு உயிர். 1928-இல் தொடங்கிய நம் ஆட்கள் கிளப். அந்த ரேஞ்சர்ஸ்தான் நாட்டின் பிரீமியர் லீக் முதன்முதலாக நடந்த 1996–97 பருவத்தில் கோப்பையைத் தூக்கியது, பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.

ரக்பி வேறு உலகம். ஸ்பிரிங்பாக் என்ற பேர் 1906-இல் வந்தது. அந்தச் சட்டையை வெள்ளையர் அல்லாத ஒருவர், எரல் டோபயஸ், போட்டு ஆடியது 1981-இல். இடையில் 75 வருடம். அப்பா ரக்பி பார்க்கப் போவார். ஓரத்தில், வெயில் நேரே முகத்தில் அடிக்கிற பக்கம், நமக்கென்று ஒதுக்கிய இடத்தில் நின்றுகொண்டு, யார் எதிரணியோ அவர்களுக்குக் கை தட்டுவார். நியூசிலாந்து வந்தால் நியூசிலாந்து, பிரிட்டன்காரன் வந்தால் பிரிட்டன். "சொந்த ஊர்ல நின்னுக்கிட்டு சொந்த ஊரு தோக்கணும்னு வேண்டிக்கிறது இருக்கே, அது ஒரு மாதிரி வயித்து வலி" என்பார். அந்தப் பச்சைச் சட்டையில் பாய்கிற மானை அவர் மான் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "அந்த ஆடு" என்பார்.

சரி, 1995. ஜூன் 24. ஜோஹன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க். உலகக் கோப்பை இறுதி ஆட்டம், எதிரில் நியூசிலாந்து. நம் அணியில் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவரைத் தவிர எல்லோரும் வெள்ளையர். ஆட்டத்துக்கு முன்னால் மண்டேலா மைதானத்துக்குள் வருகிறார், பச்சை ஜெர்சி, பச்சைத் தொப்பி. முதுகில் கேப்டன் ஃபிரான்சுவா பியனாரின் ஆறாம் எண். அப்போது மண்டேலாவுக்கு 76 வயது, அக்கா. குடியரசுத் தலைவர். கோட்டு சூட்டுக்குப் பஞ்சமா?

நான் துள்ளிக் குதித்தேன். அப்பா குதிக்கவில்லை. "என்ன இப்படிப் பண்ணிட்டாரு இந்த மனுசன்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போய் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். கூடுதல் நேரத்தில் ஜோயல் ஸ்டிரான்ஸ்கி பந்தை உதைத்து 15–12 என்று ஜெயித்தபோது தெருவே அலறியது, அவர் உள்ளே வரவில்லை.

அவர் கோபம் எனக்குப் புரிந்தது. மண்டேலா செய்ததன் ஆழம் புரிய எனக்கே நாளாயிற்று. 1964-இல் அவரை ராபன் தீவுக்குக் கொண்டுபோனபோது அவருக்கு 45 வயது, வக்கீல், பிள்ளைகளுக்குத் தகப்பன். சிறையில் கொடுத்தது அரைக்கால் சட்டை. கறுப்புக் கைதி என்றால் எத்தனை வயதானாலும் பையன், பையனுக்கு அரைக்கால் சட்டை, அதுதான் சட்டம். அதே வழக்கில் அதே நாளில் உள்ளே போன அகமது கத்ராடாவுக்கு முழுக்கால் சட்டை. ஏன்? அவர் இந்தியர். இதைக் கொஞ்சம் மெல்லுங்கள். நமக்கு முழுக்கால் சட்டை கொடுத்தார்கள். கைதிகளுக்குள் யார் பெரியவன், யார் சின்னப் பையன் என்று துணியை வைத்தே பிரித்தார்கள். அப்படி வளர்ந்த மனிதனுக்கு அரைக்கால் சட்டை மாட்டிவிட்ட நாட்டில், அதே மனிதர் 76 வயதில் விளையாட்டுச் சட்டையை யாரும் சொல்லாமல் தானே எடுத்து மாட்டிக்கொண்டார். அதுவும் தன்னை அடைத்தவர்கள் கொண்டாடிய சட்டையை. அவர் கட்சிக்காரர்களே அந்த மானை ஒழிக்க வேண்டும் என்று நின்றபோது, இருக்கட்டும் என்று சொன்னவர் அவர். அந்த அரங்கில் வயதுக்கு ஏற்ற உடையில் இருந்தவர் அவர் ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றும்.

கிரிக்கெட்டில் நம் பாடு இன்னும் சிக்கல். 1992 நவம்பரில் இந்தியா முதன்முதலாக இங்கே டெஸ்ட் ஆட வந்தது, நம் கிங்ஸ்மீட் மைதானத்தில். பிரவீன் ஆம்ரே அறிமுக ஆட்டத்திலேயே நூறு அடித்தார். டர்பன் தமிழன் எந்தச் சட்டை போடுவான்? என் தம்பி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனான், கேட்டால் டெஸ்டில் இரண்டு டீமுக்கும் வெள்ளைதானே என்றான், கெட்டிக்காரன். 2009-இல் ஐபிஎல் மொத்தமும் இந்த நாட்டுக்கு வந்தபோது சென்னையின் மஞ்சளைப் போட்டுக்கொண்டு நாமெல்லாம் திரிந்தோம், தமிழ் ஒரு வரி பேசத் தெரியாத பிள்ளைகளும். நான் மறுக்கவில்லை. ஆனால் 2019 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் நம் டர்பன் பிள்ளை செனுரன் முத்துசாமி தென்னாப்பிரிக்கச் சட்டையில் பந்து போட்டு, தன் முதல் விக்கெட்டாக விராட் கோலியைத் தானே பிடித்து அனுப்பினார். முத்துசாமி என்ற பேர், கோலி என்ற பேர், எனக்குத் தொண்டை அடைத்தது. யாருக்காக என்று கேட்காதீர்கள். இரண்டு சோழர்கள் சண்டை போட்டபோது கோவூர் கிழார் போய் நின்று, உன் தலையிலும் ஆத்தி, எதிரே நிற்பவன் தலையிலும் ஆத்தி, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்றாரே, அதைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டேன். இங்கே பூ வேறு வேறு. ஆனாலும் யார் ஜெயித்தாலும் நமக்குக் கொஞ்சம் பாயசம் உண்டு.

எங்கே போடக் கூடாது என்று கேட்டால், எழவு வீடு, நீதிமன்றம், பெண் பார்க்கப் போகிற வீடு. மீதியை அவரவர் பார்த்துக்கொள்ளலாம். பேர் எழுதாத சட்டையாக வாங்குங்கள், மலிவாகவும் இருக்கும்.

கோயில்? அதற்குத்தான் வருகிறேன்.

2019 நவம்பர் 2, சனிக்கிழமை. ஜப்பானில் யோகோஹாமாவில் இங்கிலாந்தோடு ரக்பி உலகக் கோப்பை இறுதி ஆட்டம், நம் நேரம் காலை 11 மணி. நம் கேப்டன் சியா கொலிசி, அந்த அணிக்குக் கேப்டனான முதல் கறுப்பர். அன்றே கந்த சஷ்டி, சூரசம்ஹாரம். அப்பாவுக்கு 81 வயது, ஆறு நாளும் விரதம். என் மகன் தாத்தாவுக்கு ஒரு ஜெர்சி வாங்கி வந்திருந்தான். கடைச் சரக்கு இல்லை, தெருவோரத்து ஃபாங்கொங், அதாவது போலி. மானுக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. முதுகில் கொலிசியின் எண். தாத்தா தொட மாட்டார் என்று எனக்குத் தெரியும், 24 வருடமாகத் தொடவில்லை.

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன நம்பர்டா இது?"

"ஆறு, தாத்தா."

"இன்னைக்கு என்ன நாளு?"

"சஷ்டி."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கையைத் தூக்கினார், பேரன் மாட்டிவிட்டான். வேட்டியும் அந்தப் பச்சைச் சட்டையும் நெற்றி நிறைய விபூதியுமாகக் கோயிலுக்குக் கிளம்பினார். வாசலில் வண்டி நிறுத்த இடம் காட்டுகிற சூலு இளைஞன் பார்த்துவிட்டு, "பாபா! அமபோகோபோகோ!" என்று ஸ்பிரிங்பாக் அணியின் செல்லப் பேரைச் சொல்லி இரண்டு கையையும் தூக்கிக் கத்தினான். அப்பாவும் ஒரு கையைத் தூக்கினார், இன்னொரு கையில் பால்குடம்.

உள்ளே கமிட்டி ஆள் ஒருவர் மறித்தார். "ஐயா, நல்ல நாளும் அதுவுமா விளையாட்டுச் சட்டையோட வந்திருக்கீங்களே. பெரியவங்க நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

அப்பா நெஞ்சிலிருந்த மானை விரலால் தட்டினார். "வள்ளி யாரு வயித்துல பொறந்தா?"

"மான் வயித்துல."

"அப்ப இது முருகனுக்கு மாமியாருய்யா. மருமகன் வீட்டுக்கு மாமியா வரக் கூடாதா? வழிய விடு."

விட்டார். அபிஷேகத்தின் நடுவில் குருக்கள் தட்டை நீட்டும்போது குனிந்து என்னிடம், "ஸ்கோர் என்ன?" என்று கேட்டார். அப்போது 12–6, நாம் முன்னால் இருந்தோம். ஆட்டம் 32–12 என்று முடிந்தபோது வெளியே பிரசாத வரிசையில் யாரோ மேளக்காரரிடம் குச்சியை வாங்கி அடித்துக்கொண்டிருந்தார். அப்பா சுவரோரம் நாற்காலியில், மடியில் சர்க்கரைப் பொங்கல் தொன்னையோடு தூங்கியிருந்தார். சட்டையில் நெய் சொட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து மூன்று முறை துவைத்துப் பார்த்தோம், கறை போகவில்லை. சாயம் மட்டும் போய்விட்டது.