கப்பிள் டான்ஸுக்கு ட்ரை ஐஸ்: கிலோவைக் கூட்டாதீங்க, தண்ணியைச் சூடாக்குங்க

வணக்கம் மக்களே. கோயம்புத்தூர், அவினாசி ரோடு பக்கம் ஒரு கல்யாண மண்டபம், மேடைக்குப் பின்னால் இருந்து பேசுகிறேன். சாயங்காலம் ரிசப்ஷன். மைக் செட்காரர் அதற்குள் 'செக் செக்' என்று ஆரம்பித்துவிட்டார், அதையும் சேர்த்துக் கேளுங்கள், வேறு வழியில்லை. இன்றைய விஷயம், கப்பிள் டான்ஸுக்கு நாங்கள் விடுகிற ட்ரை ஐஸ் புகை. முழங்காலுக்குக் கீழே வெள்ளையாகப் பரவும், பொண்ணும் மாப்பிள்ளையும் நடுவில் ஆடுவார்கள், எல்லாக் கல்யாண ரீல்ஸிலும் பார்த்திருப்பீர்கள்.

புக்கிங்குக்கு வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை கிலோங்க போடுவீங்க?" பொண்ணோட அப்பா என்றால் கேள்வியே கிடையாது, "தம்பி, பத்து கிலோவாப் போட்டுருங்க, காசைப் பத்தி யோசிக்காதீங்க" என்று உத்தரவுதான். நான் சொல்வது ஒன்றுதான்: கிலோவை அப்புறம் பேசலாம், மேடையில் 15 ஆம்ப் பிளக் இருக்கிறதா, ஃபேன் சுவிட்ச் யார் கையில் இருக்கிறது, அதை முதலில் சொல்லுங்கள். ஏன் என்று காட்டுகிறேன், வாங்க.

இரண்டு பாத்திரம் வைத்திருக்கிறேன். இதில் குழாய்த் தண்ணீர், அதில் சுடுதண்ணீர், 80 டிகிரிக்கு மேல் இருக்கும். இந்தத் தெர்மாகோல் பெட்டியில் சுண்டுவிரல் கனத்தில் வெள்ளை வெள்ளையாகக் கிடக்கிறதே, இதுதான் பெல்லட். கெட்டியாக உறைந்த கார்பன் டை ஆக்சைடு, மைனஸ் 78 டிகிரி. வெறுங்கையால் தொடக்கூடாது, கையுறை போட்டிருக்கிறேன். முதலில் குழாய்த் தண்ணீரில் ஒரு பிடி. குமிழி வருகிறது, மேலே லேசாக ஒரு படலம், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் விட்டால் பெல்லட்டைச் சுற்றிச் சாதாரண ஐஸ் ஓடு கட்டிக்கொண்டு அதுவும் மந்தமாகிவிடும். இப்போது அதே ஒரு பிடி, சுடுதண்ணீரில்... பார்த்தீர்களா, பாத்திரமே தெரியவில்லை. மேசையில் வழிந்து கீழே இறங்குகிறது.

இரண்டிலும் ஐஸ் ஒரே அளவு. வித்தியாசம் தண்ணீரில். நாம் பார்க்கிற வெள்ளை கார்பன் டை ஆக்சைடு இல்லை மக்களே, அது கண்ணுக்கே தெரியாத வாயு. வெள்ளையாகத் தெரிவது சுடுதண்ணீரிலிருந்து கிளம்பும் நீராவி, அந்தக் குளிர்ந்த வாயு பட்டதும் பொடிப்பொடித் துளியாக மாறி நிற்பதுதான் பனி. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும், 80 டிகிரியில் 290 கிராம் வரைக்கும் தாங்கும். கிட்டத்தட்டப் பத்து மடங்கு. ஐஸின் வேலை குளிர வைப்பதும், தள்ளிக்கொண்டு போவதும்தான். அந்த வாயு காற்றை விட ஒன்றரை மடங்கு கனம், கூடவே குளிர்ச்சி, அதனால்தான் பனி மேலே ஏறாமல் தரையோடு ஓடுகிறது.

சரி, மிஷினுக்கு வருவோம். உள்ளே பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. ஒரு தொட்டி, இதில் 20 லிட்டர் பிடிக்கும், அடியில் 3 கிலோவாட் ஹீட்டர், மேலே ஓட்டை போட்ட ஒரு கூடை. கூடையில் ஐஸைப் போட்டு மூடியைப் போட்டுவிட்டு, இந்தக் கம்பியை அழுத்தினால் கூடை தண்ணீருக்குள் இறங்கும், பனி ஹோஸ் வழியாக வெளியே வரும். தூக்கினால் நின்றுவிடும். எவ்வளவு ஆழம் இறக்குகிறோமோ அவ்வளவு வேகம்.

தண்ணீர் 85 டிகிரிக்கு வர அரை மணி நேரம் பிடிக்கும். அவசரம் என்றால் பந்திக்குச் சமைக்கிற அண்ணனிடம் கெஞ்சி ஒரு குண்டா சுடுதண்ணீர் வாங்கி ஊற்றிவிடுவேன், பாதி நேரம் மிச்சம். கரண்டுதான் பெரிய தலைவலி. 3 கிலோவாட் என்றால் 13 ஆம்ப் இழுக்கும். மேடை ஓரத்தில் மைக்குக்காக வைத்திருக்கிற சின்ன பிளக்கில் செருகினால், எல்இடி வால், ஃபோகஸ் லைட் எல்லாம் அதே லைனில் இருந்தால், சரியாகப் பாட்டு ஆரம்பிக்கும்போது எம்சிபி, அதாவது லோடு அதிகமானால் தானாக ஆஃப் ஆகிற சுவிட்ச், விழுந்து மொத்த மேடையும் இருட்டாகிவிடும். அப்புறம் சொந்தக்காரர்கள் கேட்கிற கேள்விக்கு யார் பதில் சொல்வது? அதனால் தனி லைன். மண்டப எலக்ட்ரீஷியனை மத்தியானமே பார்த்து ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசிவிடுங்கள், அதைவிட நல்ல செலவு இந்தத் தொழிலில் கிடையாது.

இப்போது அந்தப் பத்து கிலோ கணக்கு. ஒரு கிலோ ட்ரை ஐஸ் வாயுவாக மாறச் சுமார் 570 கிலோஜூல் வெப்பம் வேண்டும், அதை நம் தண்ணீரிலிருந்துதான் உறிஞ்சும். 20 லிட்டரில் 5 கிலோ கரைந்தால், ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தாலும் தண்ணீர் 25, 30 டிகிரி இறங்கிவிடும். 85-இல் ஆரம்பித்தால் முடியும்போது 55 பக்கம். அதுவரைக்கும் பனி அழகாக வரும், மூன்று நான்கு நிமிடப் பாட்டுக்கு அது தாராளம். ஆனால் பத்து கிலோவையும் ஒரேயடியாகக் கொட்டினால் கடைசிப் பாதி பச்சைத் தண்ணீரில்தான் கிடக்கும், முதலில் ஒரு பாத்திரத்தில் காட்டினேனே அந்தக் கதி. காசும் போச்சு, பனியும் போச்சு. என்ட்ரிக்கும் வேண்டும் டான்ஸுக்கும் வேண்டும் என்பவர்கள், நடுவில் தண்ணீர் மறுபடி சூடாகக் கால் மணி நேரமாவது விடுங்கள், இல்லையென்றால் மேடைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு மிஷின் வையுங்கள். இரண்டாவது வழிதான் எனக்குப் பிடிக்கும், பனி இரண்டு பக்கமிருந்தும் வந்து நடுவில் சேர்வது கேமராவுக்கு அவ்வளவு நன்றாக இருக்கும்.

அடுத்த எதிரி காற்று. சுவர் ஃபேன், பெடஸ்டல் ஃபேன், மேடைக்கு நேராக ஊதும் ஏசி, இதில் ஒன்று ஓடினாலும் பனி முதல் வரிசைச் சோபாவுக்குப் போய்விடும், ஆடுகிறவர்கள் காலடியில் ஒன்றும் இருக்காது. பாட்டு தொடங்குவதற்கு முன்னாடியே நிறுத்த வேண்டும், சுவிட்ச் பக்கத்தில் நம் ஆள் ஒருவர் நின்றே ஆக வேண்டும், ஏனென்றால் "யாருப்பா ஃபேனை நிறுத்தினது" என்று ஒரு பெரியப்பா கண்டிப்பாக எழுந்து வருவார். லான் கல்யாணம் என்றால், அதுவும் நம்ம கோயம்புத்தூரில், வைகாசி ஆனி மாசத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது ட்ரை ஐஸுக்கு நான் புக்கிங்கே எடுப்பதில்லை. கோல்டு பைரோ, அதுதான் மேடையில் பூவாணம் மாதிரித் தீப்பொறி விடுவது, அதை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன். இன்னொன்று, சென்னையில் கடற்கரைப் பக்கம் ஈரக்காற்றில் பனி கொஞ்சம் அதிக நேரம் நிற்கும், இங்கே ஏசி ஹாலின் வறண்ட காற்றில் சீக்கிரம் மறைந்துவிடும். அதே மிஷின், அதே ஐஸ்தான்.

வெள்ளை டைல்ஸ் மேல் வெள்ளைப் பனி விட்டால் போட்டோவில் தெரியாது. கறுப்பு அல்லது அடர் சிவப்பு விரிப்பு போடச் சொல்லுங்கள், லைட்டைப் பின்னாலிருந்து தாழ்வாக அடிக்கச் சொல்லுங்கள். முன்னாலிருந்து நேராக அடிக்கிற வெள்ளை லைட் பனியைத் தட்டையாக்கிவிடும். கேண்டிட் எடுக்கும் தம்பி ஒருவர் கேமராவைத் தரையோடு வைப்பார், அந்த ஷாட் பிரமாதம், ஆனால் லென்ஸில் ஈரம் கோக்கும், துணி ஒன்று கையில் இருக்கட்டும்.

அதே ஈரம் தரையிலும் இருக்கும். விரிப்பு என்றால் பரவாயில்லை, மெருகேற்றிய கிரானைட் என்றால் பாட்டு முடியும்போது மெல்லிய தண்ணீர்ப் படலம் நிற்கும், ஹீல்ஸ் போட்ட பொண்ணு சுற்றித் திரும்பும் இடம் அது. ஹோஸ் வாயிலும் தண்ணீர் சொட்டும், அதைப் பட்டுப் புடவைப் பக்கம் திருப்பாதீர்கள். ஸ்டெப் சரியாக வராத மாப்பிள்ளைகளுக்கு ஒரு நல்ல செய்தி: முட்டிக்குக் கீழே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

டைமிங்கைப் பற்றிச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கூடையை இறக்கியதிலிருந்து பனி ஹோஸைத் தாண்டி விரிந்து நிற்கச் சில விநாடிகள் ஆகும், அதனால் பாட்டின் முன்னிசையிலேயே இறக்கிவிடுவேன். டிஜே கையைக் காட்டுவார், நான் அழுத்துவேன். ஒத்திகையில் பாட்டை ஒரு தடவையாவது முழுதாகக் கேட்டுவிடுவேன்.

சரி, இனிமேல் கொஞ்சம் சீரியஸாக. ஒரு கிலோ ட்ரை ஐஸ் சுமார் 540 லிட்டர் வாயுவாக விரியும். 5 கிலோவுக்கு 2,700 லிட்டர். இந்த மாதிரிப் பெரிய மண்டபத்தில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் வீட்டு ஹாலில் நிச்சயதார்த்தம், 6 மீட்டருக்கு 5 மீட்டர், 3 மீட்டர் உயரம், ஜன்னல் எல்லாம் சாத்தி ஏசி போட்டிருக்கிறார்கள் என்றால், அந்த 5 கிலோ அறைக் காற்றில் 3 சதவீதம் வந்துவிடும். வேலை செய்கிறவர்களுக்கே கால் மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று வைத்திருக்கிற அளவு அது. அதுவும் கனமான வாயு, தரையோடு கிடக்கும், தரையோடு இருப்பவர்கள் யார்? குழந்தைகள். பனியைப் பார்த்ததும் உள்ளே ஓடி உட்காரும், படுத்துக்கூடப் பார்க்கும். அதனால் மூடிய சின்ன அறை என்றால் நான் வருவதில்லை, எவ்வளவு கொடுத்தாலும் சரி. மண்டபத்திலும் பாட்டு ஓடும்போது பசங்களைப் பிடித்துக்கொள்ள ஒரு அத்தையோ சித்தியோ மேடை ஓரத்தில் நிற்க வேண்டும், முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

பயமுறுத்துகிறான் என்று நினைக்காதீர்கள். 2020 பிப்ரவரியில் மாஸ்கோவில் ஒரு பிறந்தநாள் பார்ட்டி, நீச்சல்குளத்தில் புகை வரட்டும் என்று கிலோக்கணக்கில் ட்ரை ஐஸைக் கொட்டினார்கள், மூடிய இடம், மூன்று பேர் இறந்துபோனார்கள். 2024-இல் சத்தீஸ்கரில் ராஜ்நந்த்கான் பக்கம் ஒரு கல்யாணத்தில் ட்ரை ஐஸைச் சாதாரண ஐஸ் என்று நினைத்துச் சாப்பிட்ட மூன்று வயதுக் குழந்தை இறந்தது செய்தியாக வந்தது. அதே வருஷம் மார்ச்சில் குருகிராமில் ஒரு உணவகத்தில் வாயில் போடுகிற மவுத் ஃப்ரெஷ்னர் என்று கொடுத்தது ட்ரை ஐஸ், சாப்பிட்ட ஐந்து பேர் ரத்த வாந்தி எடுத்தார்கள். வெல்கம் டிரிங்க்ஸில் ஒரு துண்டு போட்டால் அழகாக இருக்குமே என்று கேட்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். மாட்டேன் என்பதுதான் என் பதில்.

மிச்சம் வருகிற ஐஸை என்ன செய்வது? வாஷ்பேசினில் கொட்டினால் பேசின் விரிசல் விடும். பாட்டிலிலோ இறுக்கி மூடுகிற டப்பாவிலோ போட்டால் வாயு விரிந்து வெடிக்கும், ஃப்ரீசரிலும் வைக்க வேண்டாம். மண்டபத்துக்குப் பின்னால் காற்றோட்டமான இடத்தில் பெட்டியை லேசாகத் திறந்து வைத்து, அது தானாகக் காணாமல் போகும்வரை நம் ஆள் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், சும்மா வைத்துவிட்டுச் சாப்பிடப் போகக்கூடாது. நேற்றே வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள், வேண்டாம், பெட்டியிலேயே ஒரு நாளில் இரண்டு மூன்று கிலோ கரைந்துவிடும். நிகழ்ச்சி அன்றைக்கே எடுங்கள், காரில் கொண்டுவந்தால் ஜன்னலை இறக்கி விடுங்கள்.

ஐஸே வேண்டாம் என்பவர்களுக்கு, திரவம் ஊற்றி அதைக் குளிர வைத்து விடுகிற லோ ஃபாக் மிஷின்கள் இருக்கின்றன. வாயுத் தொல்லை கிடையாது. ஆனால் சூடேறினால் அந்தப் புகை மேலே எழும்பும், லைட்டில் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், ஸ்மோக் அலாரம் இருக்கிற ஹோட்டல் என்றால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பார்வைக்கு ட்ரை ஐஸ்தான் எனக்கு ஒரு படி மேல்.

தெர்மாமீட்டர் 83 காட்டுகிறது. டிஜேயிடம் பாட்டின் நீளத்தைக் கேட்க வேண்டும், மூன்றரை நிமிஷம் என்றார்கள், அதற்கு 4 கிலோ கூடையில் வைக்கிறேன். பொண்ணோட அப்பா பத்து என்று சொன்னதில் பாக்கிக்கு நான் காசு வாங்கப் போவதில்லை. பார்க்கலாம் மக்களே, அடுத்த வீடியோவில் கோல்டு பைரோவைப் பற்றிப் பேசுகிறேன்.