தாடைத் தசையில் வலி பிறக்கும் விதம்

அவைத்தலைவர் அவர்களே, பல் மருத்துவ மாணவர்களே, மாலை நேரத்தில் இங்கே கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

இரண்டு கைவிரல்களையும் காதுக்குச் சற்று முன்னால், கன்னத்தின் பின்பகுதியில் வைத்துக்கொண்டு ஒருமுறை பல்லை இறுகக் கடித்துப் பாருங்கள். விரலுக்கடியில் கட்டியாகத் திரண்டு எழுவதுதான் மெல்லுதசை. கன்ன எலும்பில் தொடங்கிக் கீழ்த்தாடையின் மூலையில் முடிகிற தசை அது. விரலை நெற்றிப்பொட்டுக்கு நகர்த்தி மறுபடியும் கடித்தால், அங்கே விசிறி போல விரிந்து கிடக்கும் பொட்டுத்தசை அசைவதும் தெரியும். இவற்றோடு தாடையின் உட்புறம் மறைந்திருக்கும் இரு சிறகுத்தசைகளையும் சேர்த்துப் பக்கத்துக்கு நான்கு தசைகள் நம் வாயைத் திறந்து மூடுகின்றன. நான்கையும் இயக்குவது முக்கிளை நரம்பு எனப்படும் ஐந்தாம் மூளை நரம்பின் கீழ்க்கிளை. அந்தத் தசைகளின் வலியை மூளைக்கு எடுத்துச் செல்வதும், கீழ்வரிசைப் பற்களின் வலியை எடுத்துச் செல்வதும் அதே கிளைதான். நான் இன்று சொல்ல வந்த செய்தியின் பாதி இந்த ஒரு விவரத்தில் அடங்கியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்மணி வந்தார். கீழ்க் கடைவாய்ப்பல்லில் மாதக்கணக்கில் வலி. எங்கோ வேர் சிகிச்சை செய்தார்கள், வலி நிற்கவில்லை. பல்லையே பிடுங்கினார்கள்; வலி பக்கத்துப் பல்லுக்குப் போய்விட்டது. அதையும் எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் அவர் வந்திருந்தார். அந்தப் பல்லைத் தட்டியும் குளிர்வைத்தும் பார்த்தேன், எக்ஸ்ரேயும் எடுத்தேன். குறை ஒன்றும் இல்லை. மெல்லுதசையின் கீழ்ப்பகுதியில் ஏறத்தாழ ஒரு கிலோ எடை அளவுக்கு அழுத்தி ஐந்து விநாடி பிடித்தபோது, அவர் என் கையைப் பற்றிக்கொண்டு, "டாக்டர், இதேதான், இதே வலிதான், பல்லில் தெரிகிறது" என்றார். பல்லை மரத்துப்போகச் செய்தபோது வலி அப்படியே இருந்தது. தசைக்குள் மரப்பு மருந்தைச் செலுத்தியதும் அடங்கியது. ஒரு நல்ல பல் வீணாகப் போயிருந்தது. அந்த இழப்பு இன்னமும் என் மனத்தை உறுத்துகிறது.

தசையில் வலி எப்படித் தொடங்குகிறது? தசைநார்களுக்கிடையே, நுண்ணிய ரத்தக் குழாய்களை ஒட்டி, மெல்லிய நரம்பு முனைகள் பரவியிருக்கின்றன. சாதாரணமாக மெல்லும்போது இவற்றில் பெரும்பாலானவை பேசுவதில்லை. ஆனால் நெடுநேரம் பல்லை இறுக்கியே வைத்திருந்தால் தசைக்குள் அழுத்தம் கூடுகிறது, ரத்த ஓட்டம் குறைகிறது, அமிலத்தன்மை ஏறுகிறது, நலிவடைந்த செல்களிலிருந்து, அவற்றின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி கசிகிறது. இந்த நரம்பு முனைகளில், அமிலத்தை உணர்ந்து திறக்கும் அயனி வாயில்களும், ஏடிபியை உணரும் ஏற்பிகளும், மிளகாயின் காரத்தையும் சூட்டையும் ஒருசேர உணரும் டிஆர்பிவி1 என்னும் வாயிலும் இருக்கின்றன. கடைசியாகச் சொன்னதை 1997-இல் கண்டறிந்தவர் டேவிட் ஜூலியஸ்; அந்த ஆய்வுக்காக 2021-இல் ஆர்டெம் படாபூட்டியனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வாயில் மிளகாய் எரிவதை உணர்த்தும் அதே மூலக்கூறு தசைக்குள்ளும் வேலை செய்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது.

லாக்டிக் அமிலம் தேங்குவதால்தான் வலி என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது சில மணி நேரத்துக்குள் ரத்தத்தோடு போய்விடுகிறது. வாரக்கணக்கில் நீடிக்கும் வலியை அதனால் விளக்க முடியாது. நீடிக்கும் வலிக்கு வேறு பொருள்களைத் தேட வேண்டும். அழற்சியின்போது திசுவில் உண்டாகும் பிராடிகைனினும் புரோஸ்டாகிளாண்டினும் நரம்பு முனையின் தாங்கும் எல்லையைத் தாழ்த்துகின்றன. முன்பு உறைக்காத அழுத்தம் இப்போது உறைக்கிறது. நரம்பணுக்கள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் குளுட்டமேட்டை மெல்லுதசைக்குள் செலுத்தினால் உடனே வலிக்கிறது. அந்த வலி ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் என்பது சோதனையில் தெரிந்தது. இவற்றினும் ஆழ்ந்து கவனிக்க வேண்டியது நரம்பு வளர்ச்சிக் காரணி. ரீட்டா லெவி-மொண்டால்சினிக்கும் ஸ்டான்லி கோஹனுக்கும் 1986-இல் நோபல் பரிசு கிடைத்த ஆய்வில் இந்தப் பொருளின் கண்டுபிடிப்பும் அடங்கும். உடல்நலம் உள்ள ஒருவரின் மெல்லுதசையில் இதை ஊசியால் செலுத்தினால் அந்த நேரத்தில் வலி என்று சொல்லும்படி ஒன்றும் தெரிவதில்லை. மறுநாள் தசையைத் தொட்டால் நோகிறது, உணவை மெல்ல வலிக்கிறது, கொட்டாவி விட்டால் வலிக்கிறது. இந்த நோவு பல நாட்கள் நீடிக்கிறது. நோயாளிகள் நம்மிடம் சொல்லும் கதையும் இதுவே. அடி ஏதும் படவில்லை, ஒன்றும் செய்யவில்லை, ஆனால் மெல்ல முடியவில்லை என்கிறார்கள். அவர்கள் சொல்வதை நம்புவதற்கு இந்த ஒரு சோதனை போதும்.

தசையிலிருந்து கிளம்பும் செய்தி முக்கிளை நரம்பின் முடிச்சைக் கடந்து மூளைத்தண்டுக்குள் நுழைகிறது. வலி நார்கள் போய்ச் சேரும் கருத்தொகுதி, அதாவது நரம்பணுக்களின் திரள், மூளைத்தண்டில் தொடங்கிக் கழுத்துத் தண்டுவடத்தின் மேற்பகுதி வரை நீண்டு கிடக்கிறது. பல், தசை, தாடை மூட்டு, மூளையின் உறை, மேல் கழுத்து ஆகிய எல்லா இடங்களிலிருந்தும் வரும் நார்கள் இங்கே ஒரே நரம்பணுவின் மேல் வந்து விழுகின்றன. ஆகவே செய்தி எந்த வாசலிலிருந்து வந்தது என்று மேலே உள்ள மூளையால் பிரித்தறிய முடியாமல் போகிறது. அந்தப் பெண்மணியின் தசை வலி பல்லில் தெரிந்ததும், கழுத்து வலி உள்ளவர்களுக்குத் தாடை நோவதும் இதனால்தான்.

அதே இடத்தில் இன்னொன்றும் நிகழ்கிறது. வலிச் செய்தி ஓயாமல் வந்துகொண்டே இருந்தால், குளுட்டமேட்டை ஏற்கும் என்எம்டிஏ ஏற்பிகள் விழித்துக்கொள்கின்றன. நரம்பணுவுக்குள் கால்சியம் பாய்கிறது. அந்த அணு முன்பைவிட எளிதாகத் தூண்டப்படுகிறது. பிறகு, வலியைச் சொல்ல வராத மென்மையான தொடுதலும் வலியாகவே படிக்கப்படுகிறது. தசையில் தொடங்கியது நரம்பு மண்டலத்தின் நோயாக மாறும் கட்டம் இது. இந்தக் கட்டத்தில் தசையை மட்டும் அழுத்தியும் தேய்த்தும் கொண்டிருந்தால் பலன் குறைவு.

பழைய கருத்துகளையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவை இன்னும் உயிரோடு இருக்கின்றன. 1934-இல் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், பல் இழப்பினால் கடி, அதாவது மேல் கீழ்ப் பற்கள் பொருந்தும் நிலை, தாழ்ந்து தாடை மூட்டு அழுந்துவதே காதுவலிக்கும் தலைவலிக்கும் காரணம் என்றார். அந்த விளக்கம் பின்னர் நிலைக்கவில்லை. ஆனால் கடியைத் திருத்தினால் வலி போகும் என்ற நம்பிக்கை மட்டும் தங்கிவிட்டது. நல்ல பற்களைத் தேய்த்துச் சமன்செய்வது இன்றும் நடக்கிறது. தேய்த்த எனாமல் திரும்ப வளராது. இதை நான் வன்மையாகவே எதிர்க்கிறேன். வலி தசையை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது என்ற சுழற்சி விளக்கமும் அப்படியே. 1991-இல் ஜேம்ஸ் லண்டும் உடன் ஆய்ந்தவர்களும் பழைய சான்றுகளைத் தொகுத்துப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது: வலியுள்ள தசை கடிக்கும்போது குறைவாகவே உழைக்கிறது, அதற்கு எதிர்த்தசை சற்றுக் கூடுதலாக வேலை செய்து தாடையின் வேகத்தைத் தடுக்கிறது. அதாவது உடல் நோவுள்ள இடத்தைக் காத்துக்கொள்கிறது. பின்னால் வந்த ஆய்வுகள் இது ஆளுக்கு ஆள் மாறுவதைக் காட்டியிருக்கின்றன. ஆனாலும் சுழற்சி விளக்கத்துக்கு மீண்டும் உயிர் வரவில்லை.

தூக்கத்தில் பல் நறநறக்கும் எல்லோருக்கும் வலிப்பதில்லை. வலிக்கும் எல்லோரும் நறநறப்பதும் இல்லை. பகலில், நாம் அறியாமலே மேல்வரிசையும் கீழ்வரிசையும் தொட்டுக்கொண்டே இருப்பதை நான் கூடுதலாகக் கவனிக்கச் சொல்வேன். தாடை இளைப்பாறும்போது உதடுகள் சேர்ந்தும் பற்கள் சில மில்லிமீட்டர் விலகியும் இருக்க வேண்டும். துன்பத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன் என்று நாம் சொல்கிறோமே, அது வெறும் சொல்வழக்கு அல்ல. கவலையில் இந்தத் தசைகள் உண்மையிலேயே இறுகுகின்றன. மேலும், நடுமூளையிலிருந்து கீழிறங்கி வலியை அடக்கும் பாதை ஒன்று நம் எல்லோருக்கும் உண்டு. தூக்கம் கெட்டவர்களிடம் அது தளர்கிறது. இதைக் கேட்டதும், எல்லாம் மனப்பிரமை என்று நோயாளியை அனுப்பிவிடாதீர்கள். கவலையும் தூக்கமின்மையும் வேலை செய்வது நரம்பணுக்களின் வழியாகத்தான்.

மாணவர்களுக்கு ஒன்று. தாடை நோவு எல்லாம் தசை நோவு அல்ல. வாய் திறக்க முடியாமல் வருபவரிடம் பாக்குப் போடும் பழக்கம் உண்டா என்று கேளுங்கள், கன்னத்தின் உட்புறம் நார்நாராக இறுகியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். காயம்பட்டவருக்குத் தாடை பூட்டிக்கொண்டால் டெட்டனஸை நினையுங்கள். அந்த நச்சு, தசைக்கு ஓய்வு தரும் நரம்புச் செய்தியையே நிறுத்திவிடுகிறது. நடக்கும்போது தாடை வலித்து, நின்றதும் விடுகிறது என்பவரை இதய மருத்துவரிடம் அனுப்புங்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், சாப்பிடத் தொடங்கிய சிறிது நேரத்தில் தாடை ஓய்ந்து வலிக்கிறது, நிறுத்தினால் சரியாகிறது, தலைசீவினால் பொட்டு நோகிறது என்று சொன்னால், அது பொட்டுத் தமனியின் அழற்சியாக இருக்கலாம். அந்த நோயில் கண்பார்வை திடீரென்று போய்விடலாம், போனது திரும்புவதும் அரிது. அவரை மறுவாரம் வரச் சொல்லாதீர்கள்; அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்பிவையுங்கள். திசுப் பரிசோதனையின் முடிவுக்குக் காத்திராமல் ஸ்டீராய்டு தொடங்க வேண்டிய நோய் அது.